மாஸ்டர் ஏற்றிய நீலம்

சாயப் பட்டறையில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவர் அவர். யாராவது ஒரு துண்டுத் துணியைக் கொண்டுவந்து நீட்டினால், அதே நிறம் வர எந்தச் சாயத்தில் எவ்வளவு போடவேண்டும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லுவார். பட்டறையில் எல்லோருக்கும் அவர் ஷேடு மாஸ்டர். வீட்டிலும் அந்தப் பட்டம் ஒட்டிக்கொண்டது. திரைச்சீலை வாங்கினாலும் சுவருக்குப் பெயின்ட் அடித்தாலும் அவர் வைத்ததுதான் சட்டம்.

ஓய்வு பெற்றதும் மாடி அறையை ஹோம் தியேட்டராக மாற்றினார். சுவரில் நூறு அங்குலத் திரை, கூரையில் புரொஜெக்டர். மாட்டிவிட்டுப் போன ஆட்கள் தெருமுனை தாண்டுவதற்குள் மாஸ்டர் முகத்தைச் சுளித்தார்.

"திரை மஞ்சளடிக்குது."

ரிமோட்டும் கையுமாக மூன்று நாள் உட்கார்ந்து, அதைக் கூட்டி இதைக் குறைத்து, வெள்ளை வெள்ளையாகத் தெரிந்த பிறகுதான் சோற்றில் கை வைத்தார். "இனிமே யாரும் இதைத் தொடக் கூடாது" என்று ஒரு உத்தரவும் போட்டார்.

இரண்டு வருஷம் ஓடியது. பிறகு இரண்டு கண்ணிலும் புரை என்றார் டாக்டர். ஒன்றன்பின் ஒன்றாக ஆபரேஷன் நடந்தது. படி ஏறக் கூடாது என்று மகள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் இரண்டு மாதம் மாடிப் பக்கம் போகவில்லை. ஆனால் உலகமே துவைத்துக் காயப்போட்டது போலிருந்தது அவருக்கு. ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவில் போகும் சட்டைகளையெல்லாம் வாய் ஓயாமல் புகழ்ந்துகொண்டிருந்தார்.

தடை நீங்கிய ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மகளும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். எல்லோரும் மாடிக்குப் போய்ப் படத்தைப் போட்டார்கள். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, மாஸ்டர் துள்ளி எழுந்தார்.

"நிறுத்துங்க! யாரு இதுல கை வெச்சது? கதாநாயகன் என்ன, விறைச்சுப் போனவன் மாதிரி நீலம் பாரிச்சு நிக்கிறான்? மாப்பிள்ளை, நான் படுத்திருந்தப்ப நீங்கதான்..."

"சத்தியமா இல்ல மாமா. ரிமோட் எங்க இருக்குன்னுகூட எனக்குத் தெரியாது."

மாப்பிள்ளை அன்று காப்பிகூடக் குடிக்காமல் கிளம்பிப் போனார்.

மறுநாள் காலையிலேயே புரொஜெக்டர் மெக்கானிக் வந்துவிட்டாள். தோளில் பை, வாயில் சூயிங்கம். திரையைத் துடைத்தாள், லென்ஸைத் துடைத்தாள், பக்கத்துச் சுவரின் நிறம் திரையில் அடிக்கிறதா என்று பார்த்தாள். பிறகு நிறத்தை அளக்கும் சின்னக் கருவியை முக்காலிமேல் வைத்து அளந்தாள்.

"மெஷின்ல ஒரு குறையும் இல்ல சார். செட்டிங்லதான் நீலத்தை ஏத்தி, சிவப்பை இறக்கி வெச்சிருக்கு."

"அதைத்தான் சொல்றேன். நான் வெச்சதை யாரோ மாத்திட்டாங்க."

"நீங்க வெச்சதை எங்கயாவது குறிச்சு வெச்சிருக்கீங்களா?"

குறிக்காமலா? பட்டறைப் பழக்கம் அது. டிராயரிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினார். அவள் நோட்டையும் திரையையும் மாறிமாறிப் பார்த்தாள். மென்றுகொண்டிருந்த வாய் நின்றது.

"அதே நம்பர்தான் சார். ஒண்ணுகூட மாறல." மேஜைமேல் இருந்த சொட்டு மருந்து அப்போதுதான் அவள் கண்ணில் பட்டது. "கண்ணு ஆபரேஷன் பண்ணீங்களா?"

"ஆமா, ரெண்டும்."

"புரை இருந்தா எல்லாமே மஞ்சளடிக்கும் சார். அந்த மஞ்சளைச் சரிக்கட்டத்தான் நீங்க நீலத்தை ஏத்தியிருக்கீங்க. இப்ப மஞ்சள் போயிடுச்சு, நீங்க ஏத்தின நீலம் மட்டும் நிக்குது."

மாஸ்டர் மெதுவாகத் திரும்பி, அறை வாசலில் நின்ற மனைவியைப் பார்த்தார்.

"உனக்கு இது நீலமாத் தெரிஞ்சுதா?"

"முதல் நாள்லேர்ந்தே."

"ரெண்டு வருஷமா! ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"உங்ககிட்ட வந்து கலரைப் பத்தி யாருங்க பேசுவா? மாப்பிள்ளை எப்பப் பார்த்தாலும் கடல் படமாப் போடச் சொல்வாரே, ஏன்னு நினைச்சீங்க?"

மெக்கானிக் சிரிப்பை அடக்கமுடியாமல் பைக்குள் எதையோ தேடினாள். மாஸ்டருக்குச் சிரிப்பு வரவில்லை. புரை ஒரே நாளில் வந்துவிடுவதில்லையே. பட்டறையில் தனக்குக் கீழே இருந்து, இப்போது தன் இடத்தில் இருப்பவரைப் போனில் கூப்பிட்டார்.

"உள்ளதைச் சொல்லுப்பா. வேலையை விடறதுக்கு முன்னாடி நான் சொன்ன ஷேடெல்லாம் சரியா இருந்துச்சா?"

அந்தப் பக்கம் கொஞ்சம் இழுத்தது. "வெளிர் நிறம் மட்டும் சில சமயம் தப்பும் மாஸ்டர். நாங்க ஒரு தடவை மெஷின்ல வெச்சுச் சரி பார்த்துருவோம். அடர் நிறத்துல உங்களை அடிச்சுக்க ஆளே கிடையாது. இதைப் போய் எந்த வாயால சொல்றது?"

போனை வைத்தார். முதலில் கோபம் வந்தது. பிறகு கூச்சம். இத்தனை பேர் சேர்ந்து தன்னைப் பொத்திப் பொத்திப் பார்த்திருக்கிறார்களே என்று தோன்றியது. ரிமோட்டை மனைவி கையில் திணித்தார்.

"நீயே வை."

எந்தப் பொத்தான் என்று மெக்கானிக் காட்டிக்கொடுத்தாள். மனைவி நீலத்தை இறக்கி, சிவப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். திரையில் இருந்த நடிகையின் கன்னத்தில் ரத்தம் ஓடத் தொடங்கியது.

"போதுமாங்க?"

"என்னைக் கேக்காதே. உனக்குப் போதுமா?"

"இப்பத்தான் மனுஷி மாதிரி இருக்கா."

மெக்கானிக் அளந்து பார்த்துவிட்டு, "ஒரு பொட்டு சிவப்பு தூக்கல் சார், குறைச்சுரவா?" என்றாள்.

"இருக்கட்டும்மா" என்றார் மாஸ்டர்.

அவள் போனதும் மாப்பிள்ளைக்குப் போன் போட்டார். "நேத்து வாயை விட்டுட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். "அட, விடுங்க மாமா" என்றார் அவர்.

மத்தியானம் புருஷனும் பெண்டாட்டியும் மாடியில் உட்கார்ந்து படம் பார்த்தார்கள். பாதியில் மனைவி தூங்கிப்போனார். எழுப்ப மனமில்லாமல் சத்தத்தைக் குறைத்துவிட்டு, மீதியை மாஸ்டர் தனியாகப் பார்த்து முடித்தார்.