கல்லின் பின்பக்கம்

எங்கள் ஊர்ப் பேருந்து நிறுத்தத்தில் வெள்ளைக்காரன் காலத்துக் கல் ஒன்று நிற்கிறது. முதல் உலகப் போருக்கு இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் திரும்பவில்லை என்று எண்ணிக்கை மட்டும்தான் அதில் இருக்கும். ஒருவர் பெயரும் கிடையாது, ஆடு மாடு கணக்கு மாதிரி. அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பின்னாளில் ராணுவத்தில் இறந்த எங்கள் ஊர்க்காரர்களுக்காக அந்தக் கல்லுக்குப் பக்கத்திலேயே புதுக் கல் வைக்கக் குழு போட்டபோது, பெயர்கள் கட்டாயம் வேண்டும் என்று தொண்டை வற்றக் கத்தினேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

திறப்பு விழா அன்று திரையை விலக்கினால், பளபளக்கும் கிரானைட்டில் மேலிருந்து கீழ்வரை உபயதாரர் பெயர்கள். குழுத் தலைவரைப் பிடித்துக் கேட்டேன்.

"உபயம் பேரு முன்னாடி இல்லன்னா அடுத்த வாட்டி எவன் சார் குடுப்பான்? செத்தவங்க பேரும் இருக்குல்ல, பின்பக்கம்."

கோயில் டியூப்லைட்டில் வெளிச்சத்தை மறைத்துப் பெயர் எழுதுகிற ஊரிடம் வேறென்னத்தை எதிர்பார்த்தேன்?

அதற்குள் எல்லையில் இறந்துபோன ஒரு பையனின் அம்மா மாலையோடு வந்துவிட்டார். எழுதப் படிக்கத் தெரியாதவர். எல்லாவற்றுக்கும் மேலே பெரிதாக இருந்த பெயரைத் தடவித் தடவிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அது கல் வாங்கிக் கொடுத்த அரிசி ஆலைக்காரரின் பெயர்.

"பின்பக்கம் வாங்கம்மா" என்று சொல்ல வாயெடுத்தேன். பின்பக்கம் கால் வைக்க இடமில்லை. கல்லை ஒட்டி வாய்க்கால் நிறையத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.