கூழுக்குப் போன சர்க்கார் அரிசி

ஐம்பத்தெட்டாம் வருஷம் கடப்பாக்கத்தில் நியாயவிலைக் கடை திறந்தபோது ஹபீபாவுக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. அவள் புருஷன் பஷீருதீன் சைக்கிளில் ஊர் ஊராகப் போய்த் துணி விற்றவர். வலப்பக்கம் வாதம் அடித்துப் படுத்துவிட்டார். படுக்கைப் புண் வராமல் அவரைப் புரட்டிப் படுக்கவைத்து, துடைத்து, கஞ்சி ஊட்டுவது ஒரு வேலை. இடியாப்பம் அவித்து பஸ் நிற்கும் இடத்தில் விற்பது இன்னொரு வேலை. வெளிக்கடையில் பச்சரிசி விலை ஏறிய ஏற்றத்தில், இடியாப்ப அடுப்பை மூடிவிடலாமா என்றுகூட நினைத்திருந்தாள். சர்க்கார் கடையில் ஆந்திரத்துப் பச்சரிசியே மலிவாகக் கிடைத்தது. அவளுக்கு வேறென்ன வேண்டும்?

மீனவக் குப்பத்துப் பெண்களுக்குத்தான் அது ஆகவில்லை. அவர்கள் வீட்டில் காலங்காலமாகப் புழுங்கலரிசிதான். ராத்திரிச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால், விடிகாலையில் கட்டுமரம் ஏறும் ஆம்பளைகள் அதைச் சட்டியில் எடுத்துப் போவார்கள். பச்சரிசியையும் அப்படியே வடித்துத் தண்ணீர் ஊற்றி வைத்தார்கள். அது ராத்திரியோடு ராத்திரியாகக் குழைந்து பசையாகிவிட்டது.

"இன்னா பாய்ம்மா, சர்க்காரு துன்றதுக்கு அரிசி கொடுத்துதா, சுவத்துல நோட்டீசு ஒட்டக் கொடுத்துதா?" என்று பக்கத்து வீட்டுப் பொன்னி தெருவிலேயே பிடித்துக்கொண்டாள். "எங்க வூட்டு ஆளு நடுக்கடல்ல சட்டியத் தொறந்தா பசையாக் கீதாம். மீனுக்குக் கொட்டிட்டு, பசியோட வந்து என்னைத்தான் கடிச்சாரு."

"உன்னைக் கடிச்சா முனிசாமிக்குப் பல்லுதான் போவும்."

பொன்னி சிரித்தாள். ஆனால் அரிசி வாங்க வரவில்லை. அவள் வராததால் குப்பத்தில் வேறு யாரும் வரவில்லை.

கடையில் அளந்து போடும் கோதண்டராமன் செங்கல்பட்டுக்காரர். மூட்டைகளின்மேல் சாய்ந்துகொண்டு விசிறிக்கொண்டிருந்தார்.

"மாசக் கடைசில இன்ஸ்பெக்டர் வராரும்மா. மூட்டை இப்படியே கெடந்தா, இந்த ஊருக்குக் கடையே வேணாம்னு எழுதிட்டு வேற ஊருக்கு மாத்திடுவாங்க."

"நான் வாங்கிக்கினுதானே கீறேன்?"

"நீ ஒருத்தி எத்தனை மூட்டை இடியாப்பம் புழிவே?"

வீட்டுக்கு வந்து ஹபீபா கோபத்தைப் பாத்திரங்களின்மேல் காட்டினாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு பொன்னி வீட்டுக்குப் போனாள். பொன்னி கேழ்வரகு மாவைக் கரைத்து வைத்துவிட்டு, கூழுக்குப் போட நொய்யைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஹபீபா அந்த நொய்யில் இரண்டு மணியை எடுத்து வாயில் போட்டு மென்று பார்த்தாள்.

"இது இன்னா அரிசிடி?"

"நொய்யி. மளிகைக் கடைல வாங்கனது."

"பச்சரிசி நொய்யி. மளிகைக் கடைக்காரன் ஒடைச்சுக் கொடுத்தா தின்னுவே, சர்க்காரு முழுசாக் கொடுத்தா தின்னமாட்டே."

"அதுக்குன்னு முழு அரிசிய யாராவது ஒடைப்பாங்களா? லட்சுமி வூட்டவுட்டுப் பூடுவா பாய்ம்மா."

அங்கே அப்படித்தான் வழக்கம். முழு அரிசி சோற்றுக்கு, உடைந்தது கூழுக்கு. வேண்டுமென்றே அரிசியை உடைத்தவள் குடித்தனம் தெரியாதவள்.

"உன் கை படவேணாம். நான் ஒடைக்கிறேன், லட்சுமி என்கிட்ட கோச்சிக்கட்டும்" என்று ஹபீபா தன் அரிசியிலிருந்து ஒரு படி கொண்டுவந்து உரலில் போட்டு, நாலு குத்துக் குத்தி, புடைத்துக் கொடுத்தாள். "புருஷங்கிட்ட மூச்சு வுடாத."

அந்த நொய் கேழ்வரகோடு வெந்தது. இரவெல்லாம் பானையில் புளித்தது. விடிகாலையில் மோர் விட்டுக் கரைத்த கூழோடு முனிசாமி கடலுக்குப் போனான். அன்று ஹபீபாவுக்கு இடியாப்பம் பிழியும்போதும் காது தெருவில்தான் இருந்தது. வெயில் ஏறிய பிறகு பொன்னி வந்தாள்.

"இன்னா சொன்னான்?"

"சட்டியக் கொண்டாந்து வெச்சாரு."

"காலியாவா?"

"கழுவிக் கொண்டாந்து வெச்சாரு. கல்யாணமான நாள்லேர்ந்து கழுவனதில்ல. வழிச்சு நக்கியிருப்பாருன்னு நெனைக்கிறேன்."

அதற்குமேல் ஹபீபா யாரிடமும் பேச வேண்டியிருக்கவில்லை. பொன்னியின் வாய் போதும். பகலுக்கு அரிசி உடைத்த கூழ், ராத்திரிக்குச் சுடச்சுடச் சோறு, மிச்சம் வைக்கக் கூடாது என்று குப்பம் முழுக்கப் பொன்னியே சட்டம் போட்டாள். மளிகைக் கடையில் நொய் விலையே இறங்கியது.

இன்ஸ்பெக்டர் வந்தபோது கடைக்குள் காலிச் சாக்குகள்தான் மடித்துக் கிடந்தன. இத்தனை வீட்டுக்கு இவ்வளவு அரிசி போதுமா, முன்கூட்டியே கேட்டு எழுதக் கூடாதா என்று கோதண்டராமன்தான் திட்டு வாங்கினார்.

அன்று வரிசையில் கடைசியாக நின்ற ஹபீபாவுக்கு அரிசி கிடைக்கவில்லை.

"லோடு நாளைக்கு வரும்மா. கடை எங்கயும் போகாது" என்றார் கோதண்டராமன்.

"நாளைக்கு வரட்டும். காலைல நான் எதைப் புழியறது, உன் தலையையா?"

பின்னால் பொன்னியின் சிரிப்புச் சத்தம். முன்னமே அரிசி வாங்கிவிட்டிருந்த அவள் தன் பையைப் பிரித்து, ஹபீபாவின் கூடையில் ஒரு படி அரிசியைக் கொட்டினாள்.

"புடி பாய்ம்மா. காலைல எங்க வூட்டுக்கு நாலு இடியாப்பம் அனுப்பு. தேங்காப்பால் கெட்டியா இருக்கணும், சொல்லிட்டேன்."

ஹபீபா கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வேகமாக நடந்தாள். அரிசி ஊற வேண்டும். பஷீருதீனைப் புரட்டிப் படுக்கவைக்கும் நேரமும் ஆகிவிட்டது.