திருடினால்தான் தழையும்

அமிர்தவல்லியை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் நடுநிலையாக எழுதவில்லை என்று யாரும் குறை சொல்லக் கூடாது. திருவரங்குளத்தில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். அந்தப் பக்கம் அவள் இருமினால் இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும்.

ஐம்பதை நெருங்குகிறவள். பிள்ளை இல்லை. வீட்டுக்காரர் ஆத்மநாதன் கத்தாரில் ஏசி மெக்கானிக். அவள் வளர்த்தது ஒரு மணி பிளான்ட். விசாவுக்கு அலைந்த காலத்தில், புதுக்கோட்டையில் ஏஜென்ட் ஆபீஸ் ஜன்னலில் தொங்கிய கொடியிலிருந்து ஒரு கணுவை யாருக்கும் தெரியாமல் கிள்ளி, சட்டைப்பையில் போட்டு வந்தார் ஆத்மநாதன். மணி பிளான்ட்டைத் திருடி வைத்தால்தான் தழையும் என்பது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். அது வேர் விட்ட வாரமே விசா வந்தது. அன்றிலிருந்து தன் வேலை அந்தக் கொடியில்தான் தொங்குகிறது என்று அவருக்கு நம்பிக்கை. அவளுக்கு அதைவிட அதிகம்.

பதினொரு வருஷத்தில் அது ஆணிக்கு ஆணி நூல் பிடித்து, ஹாலில் மூன்று சுவர் ஓடிவிட்டது. தினமும் ஒவ்வோர் இலையாக ஈரத்துணியால் துடைப்பாள். கத்தி படவிட மாட்டாள். கேட்டால் ஓர் இலைகூடத் தரமாட்டாள், லட்சுமி போய்விடுவாளாம். கேட்டு வாங்கியது தழையாது என்பதால் நாங்களும் கேட்கவில்லை. தெருவே திருடியது. இரண்டு வருஷத்துக்கு முன், சர்க்கரை கடன் கேட்டுப்போன சாக்கில் நானும் ஒரு துண்டு கிள்ளினேன். கண்டுபிடித்தவள் நடுத்தெருவில் நின்று, "திருட்டுக் கை வெளங்காதுடி, சத்யா" என்று என் மாமியார் காதுபடக் கத்தினாள். அந்த அவமானம் இன்னும் ஆறவில்லை. பேச்சு அன்றோடு நின்றது. ஆனால் என் கொடி ஜன்னல் கம்பியெல்லாம் ஏறியது. பறிகொடுத்தவள் திட்டுவதும் அதற்கு உரம் என்பார்கள்.

இந்த ஆடியில் அவள் புத்தி கெட்டது. வீடியோ காலில் எடுப்பாகத் தெரியட்டும் என்று, மண்சட்டியில் இருந்த கொடியைப் பித்தளை அண்டாவுக்கு மாற்றினாள். அண்டாவுக்கு அடியில் ஓட்டை ஏது? காலையும் மாலையும் தண்ணீர், வெள்ளிக்கிழமை பால் வேறு. வேர் அழுகி, சுவர் தாண்டி நாறியது. நல்ல நுனியாக நறுக்கித் தண்ணீரில் போட்டிருந்தால் பிழைத்திருக்கும். எனக்குத் தெரியும். சொல்லவில்லை. நன்றாக வேண்டும் என்றுதான் இருந்தது.

கடைசி இலையும் பழுத்து விழுந்த நேரம், கத்தாரில் அவர் கம்பெனி ஆள் குறைக்கத் தொடங்கியது. ஸ்பீக்கரில் அவர் பேசுவது எனக்குத் தெளிவாகக் கேட்கும். எடுத்ததும், "மொதல்ல கொடியக் காட்டு" என்பார். நாலு நாள் அவள் கேமரா கெட்டுவிட்டது என்று சமாளித்தாள்.

"நாளைக்குள்ள கடையில குடுத்துச் சரி பண்ணு. போறவங்க லிஸ்ட்ட நாளைக்கு ஒட்டுறாங்க. கொடியப் பாத்துட்டுத்தான் டூட்டிக்குப் போவேன்" என்றார் அவர்.

மறுநாள் காலை கொல்லையில் துணி அலசிவிட்டு உள்ளே வருகிறேன், என் ஜன்னலோரம் அமிர்தவல்லி. கையில் பிளேடு.

பழிவாங்க இதைவிட நல்ல சமயம் வாய்க்காது. நேரே போய், நானே ஒரு முழம் கொடியைக் கிள்ளி நீட்டினேன்.

"இந்தாங்க அக்கா. நானே குடுக்குறேன், வச்சுக்கங்க."

கொடுத்தது தழையாது. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். சூட்டில் கை வைத்தவள் மாதிரி பின்னால் நகர்ந்தாள்.

"குடுக்காத, சத்யா" என்றாள். "கொஞ்சம் அங்கிட்டுத் திரும்பிக்க."

இரண்டு வருஷத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. எனக்கு ஆத்திரம் தீரவில்லை. இருந்தாலும் திரும்பிக்கொண்டேன். பிளேடு கணுவை அறுக்கும் சத்தம் கேட்டது, ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு அவள் வாசல் தாண்டி ஓடினாள்.

பார்த்தால் பாதிக் கொடியைக் காணோம். வேர் விட ஒரு கணு போதும். அவளுக்கோ கேமராவில் காட்ட ஒரு சுவர் நிறைய வேண்டுமே. பேராசைக்காரி.

நான் தெருவில் இறங்கி, அவள் வாசலுக்கு நேராக நின்றேன்.

"திருட்டுக் கை வெளங்காதுடி, அமிர்தவல்லி" என்று ஊரே கேட்கக் கத்தினேன், அவள் அன்று சொன்ன அந்த 'டி'கூடக் குறையாமல்.

அவளுக்கு நன்றாகக் கேட்டிருக்க வேண்டும். உள்ளே ஆணி அடிக்க ஆரம்பித்தாள்.