சரிவுக்கு ஒரு ஸ்டூல்

சென்னையில் ஓவியக் கல்லூரியில் நான் ப்ராடக்ட் டிசைன் படித்தேன். என்ன படிப்பு என்று எங்கள் மலைக் கிராமமான பள்ளங்கியில் யாராவது கேட்டால், "நாற்காலி செய்யுற படிப்பு" என்று அக்காவே சொல்லிவிடுவாள். "அதுக்கா மெட்ராஸு? பக்கத்து ஊரு அட்டுவம்பட்டி ஆசாரி சொல்லித்தர மாட்டாரா?" என்பார்கள். என் பெருமை அதோடு முடிந்துவிடும்.

எண்பதுகளின் தொடக்கம் அது. கடைசி வருடத்தில் ஆளுக்கொரு பொருளைப் புதிதாகச் செய்து கண்காட்சியில் வைக்க வேண்டும். மற்றவர்கள் மேசை விளக்கு, ரேடியோ என்று கிளம்பினார்கள். பூண்டுக் காட்டில் களை எடுக்கும் பெண்களுக்கு, இடுப்பில் கட்டிக்கொள்கிற குட்டை ஸ்டூல் செய்கிறேன் என்றேன் நான். பேராசிரியர் என் சேவை மனப்பான்மையை நினைத்து உருகினார். உண்மையில் எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

நாங்கள் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். அக்கா பூண்டுக் காட்டில் தினக்கூலி. பொங்கல் லீவில் ஸ்டூலை அவள் இடுப்பில் வாரால் கட்டிவிட்டேன். மேட்டைப் பார்த்து உட்கார்ந்தவள், அப்படியே பின்னால் சாய்ந்து கீழ்ப் பாத்தியில் போய் விழுந்தாள். கூட வேலை செய்தவர்கள் களைக்கொத்தைப் போட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

"வால் வச்சுவிட்டியே, அது சரிவுல நிக்குமான்னு பாத்தியா? முன்னங்கால் ரெண்டையும் குறை" என்றாள், மண்ணைத் தட்டிக்கொண்டே.

குறைத்தேன். அதன்பின் அவள் அதை யாருக்கும் இரவல்கூடத் தரவில்லை.

அதே அளவில் கண்காட்சிக்கு ஒன்று செய்தேன். "கோணலா நிக்குதே, காலைச் சமமாக்கு" என்றார் பேராசிரியர். "சரிங்க சார்" என்று சமமாக்கி, பாலீஷும் போட்டேன். என் வீரம் அவ்வளவுதான்.

கண்காட்சிக்கு அக்கா பஸ் ஏறி வந்தாள். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அம்மாளிடம், இதைப் பயன்படுத்திப் பார்த்தவள் இவள்தான் என்று அவளைக் காட்டினேன்.

"இது நான் உக்காந்தது இல்லீங்கம்மா" என்றாள் அக்கா. "இதுல உக்காந்தா கீழ்ப் பாத்தியிலதான் கெடக்கணும்."

"அப்படியா, எப்படி?" என்றார் அந்த அம்மாள்.

அக்கா சுற்றுமுற்றும் பார்த்தாள். கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த இரண்டு செங்கல்லை எடுத்து, ஸ்டூல் இருந்த மேசையின் ஒரு பக்கக் கால்களுக்கு அடியில் வைத்தாள். ஸ்டூல் பின்னால் சாய்ந்தது. அதே மேசையில் இருந்த நண்பனின் விளக்கு சறுக்கி வர, அவன் பாய்ந்து பிடித்தான்.

"சார்தான் சமமாக்கச் சொன்னாரு" என்று உளறிவிட்டேன். பேராசிரியர் மின்விசிறியைப் பார்த்தார். தேர்வாளர் ரம்பம் கொண்டுவரச் சொன்னார். வெள்ளை மேசைவிரிப்பு முழுக்க மரத்தூள் கொட்ட, முன்னங்கால்களை அங்கேயே அறுத்தேன். ஸ்டூல் நேராக நின்றது.

இரண்டாம் வகுப்பில் தேறினேன். விளக்குக்காரனுக்கு முதல் வகுப்பு. ஆனாலும் அவன் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

ஊருக்கு வந்ததும் அக்காவோடு வேலை செய்கிறவர்களுக்கு நாலு ஸ்டூல் செய்து கொடுத்தேன். ஒருத்தி அதை வீட்டுக்குக் கொண்டுபோய், சமதரையில் போட்டு, அதன்மேல் தண்ணீர்க் குடத்தை வைத்தாள். குடம் வழுக்கி விழுந்து நசுங்கியதற்கு, தெருவில் நின்று என்னைத்தான் திட்டினாள்.