லூப் லைனில் நின்ற அண்ணன்

போன வாரம் என் மகன் கைபேசியில் ஒரு ரயில் விளையாட்டை இறக்கிவைத்துக்கொண்டு சோபாவில் சாய்ந்திருந்தான். ரயில் ஓட்டுகிற விளையாட்டு இல்லை, சிக்னல் போடுகிற விளையாட்டு. திரை முழுக்கக் கோடுகள், கோடுகள் மேல் வண்டிகள். எல்லாம் வழுக்கிக்கொண்டு ஓடின. தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த எனக்கு ஏனோ எரிச்சல்தான் வந்தது.

“இது நடுவுல திக்காதாடா?” என்றேன். “எதுக்கும்மா திக்கணும்?” என்று திருப்பிக் கேட்டான். நியாயமான கேள்விதான். அடுப்படிக்குப் போனேன். போனால் அங்கே ரசத்துக்கு மிளகு இடித்துவைத்த வாசனை. அவ்வளவுதான், பழைய கணினி மையத்துக்குள் போய் விழுந்துவிட்டேன்.

மிளகுக்கும் கணினிக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்பீர்கள். கொல்லிமலைக்காரர்கள் கேட்க மாட்டார்கள். செம்மேட்டில் எங்கள் மையம் ஒரு மிளகு வியாபாரியின் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. கீழே மூட்டை மூட்டையாக மிளகு. மேலே நான்கு கணினிகளும் நாள் முழுக்க முனகுகிற ஒரு ஸ்டெபிலைசரும். மழைக்காலத்தில் நனைந்த குடை, சூடேறிய ஸ்டெபிலைசர், மிளகு எல்லாம் சேர்ந்து ஒரு வாசனை வரும். இன்றைக்கும் ரசம் கொதித்தால் கரண்டு போய்விடுமோ என்ற பயம்தான் எனக்கு முதலில் வருகிறது. வீட்டில் சொன்னால் சிரிப்பார்கள், அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருந்த சமயம் அது. நான் திருப்புலி நாட்டுக்காரி; எங்கள் மலையில் ஊர்கள் சேர்ந்த ஒரு பகுதியை நாடு என்போம். அப்பா நான் சின்னவளாக இருக்கும்போதே போய்விட்டார். அண்ணன்தான் லாரி ஓட்டி, என்னை மலைக்குக் கீழே ராசிபுரத்தில் விடுதியில் வைத்துக் கணினி அறிவியல் படிக்கவைத்தார். படிக்கிற வரைக்கும் கீழே இருக்கலாம். படிப்பு முடிந்ததும் பெட்டியோடு மேலே ஏற்றிவிட்டார்கள். கல்யாணம் ஆகாத பெண் மலையை விட்டு இறங்கி வேலைக்குப் போவதென்பது எங்கள் வீட்டில் பேச்சுக்கே இடமில்லாத விஷயம். செம்மேடு வரைக்கும் போகலாம், பிள்ளைகளுக்குக் கணினி சொல்லிக்கொடுக்கலாம், சாயங்காலம் அண்ணன் லாரியில் வந்து கூட்டிப்போவார்.

மலைக்குச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் ஜன்னலுக்கு வெளியே நின்று, என்ன குளுமை, என்ன மூட்டம் என்று வாயைப் பிளப்பார்கள். அவர்களுக்கென்ன, பொழுது சாய்ந்தால் இறங்கிவிடுவார்கள். எனக்கு அந்த மூட்டம் சட்டியை மூடிவைத்த மாதிரி இருந்தது. மதியத்துக்கு மேல் எதிர்க்கடை தெரியாது, அப்புறம் ரோடு தெரியாது. சில நாள் எனக்கு வாய்விட்டுக் கத்த வேண்டும் போல இருக்கும். கத்தினால் கீழே மிளகுக் கடைக்காரர் மேலே ஏறி வந்து என்னங்க ஆச்சு என்று கேட்பார் என்பதால் கத்தவில்லை.

மையத்தின் பொறுப்பாளர் சந்திரன் சார் மலையடிவாரத்து முள்ளுக்குறிச்சிக்காரர். தினமும் காலை பஸ்ஸில் வந்து, வளைவுகளின் புண்ணியத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டே இறங்குவார். அவருக்கும் எப்போது இங்கிருந்து தப்பிக்கலாம் என்றுதான் நினைப்பு. ஏதோ பத்திரிகையோடு இலவசமாக வந்த ஒரு குறுந்தகட்டை ஒருநாள் கொண்டுவந்தார். அதில்தான் இதே மாதிரி ஒரு சிக்னல் விளையாட்டு இருந்தது. மலையில் ரயில் கிடையாது. நான் அதுவரை ரயிலில் ஏறியதும் கிடையாது. சேலத்தில் பாலத்தின் மேல் பஸ் நின்றபோது கீழே போன ஒரு வண்டியின் முதுகைப் பார்த்ததோடு சரி. ஆனாலும் வகுப்பில்லாத நேரமெல்லாம் அதையே பிடித்துக்கொண்டேன். எங்கேயோ எதுவோ கிளம்பி எங்கேயோ போய்ச் சேருவதைப் பார்ப்பதே எனக்கு அப்போது போதுமாக இருந்தது.

விளையாட்டு நல்ல விளையாட்டுத்தான், எங்கள் கணினிதான் அதற்குத் தோதில்லை. வண்டிகள் கூடக்கூட மௌஸ் நகராது. சிக்னலை அழுத்தினால், கணினி கேட்டுக்கொண்டு, யோசித்துப் பார்த்து, பிறகுதான் பச்சை போடும். அதற்குள் வண்டி சிவப்பில் நின்று, தாமதத்துக்கு மதிப்பெண் குறைந்திருக்கும். சந்திரன் சார் வைத்தியத்தில் இறங்கினார். சத்தத்தை நிறுத்தினார். வண்ணங்களைக் குறைத்தார். திரையின் பின்னால் நான் ஆசையாகப் போட்டிருந்த ரோஜாப் படத்தைத் தயவுதாட்சண்யம் இல்லாமல் எடுத்தார். பின்னணியில் ஓடிய மற்றதையெல்லாம் மூடினார். ஈரக்காற்று நாட்களில் கணினி கிளம்பவே கிளம்பாது. பெட்டியின் மூடியைக் கழற்றி, உள்ளே ஒரு குண்டு பல்பை எரியவிட்டுக் குளிர் காயவைப்போம். இவ்வளவும் செய்த பிறகு அது ஓரளவு ஓடியது. மதிப்பெண் மட்டும் ஏறவில்லை.

விளையாட்டைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உங்களுக்குப் புரியாது. ஒற்றைத் தண்டவாளம், நடுநடுவே ஸ்டேஷன்கள். ஸ்டேஷனில் மட்டும் பக்கவாட்டில் இன்னொரு தண்டவாளம் பிரிந்து போய் மறுபடி சேரும். அதுதான் லூப் லைன். எதிரெதிரே வருகிற வண்டிகளில் ஒன்றை லூப் லைனில் ஒதுக்கி நிறுத்திவிட்டு மற்றதை விட வேண்டும். யாரை நிறுத்துவது, யாரை விடுவது என்பதுதான் மொத்த விளையாட்டும்.

நான் கூட்ஸ் வண்டியை நிறுத்தவே மாட்டேன். இதற்கு அண்ணனும் ஒரு காரணம். குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி லோடைக் கீழே மில்லில் இறக்கிவிட்டு சாயங்காலம் என்னைக் கூட்டிப்போக வருகிறவர், எனக்குப் பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்ப்பார். முழங்கை வரைக்கும் செம்மண் காய்ந்திருக்கும்.

“லோடு வண்டிய நிறுத்தாத கண்ணு! ஏத்தத்துல நின்னுட்டா அப்பறம் எடுக்க முடியாது. ஆளுங்க போற வண்டிய ஓரங்கட்டு, அவங்களுக்கென்ன, உக்காந்துக்கிட்டுதான இருக்காங்க.”

மலைப்பாதையில் அதுதான் வழக்கம். லோடு லாரிக்கு பஸ்ஸும் ஒதுங்கும், ஜீப்பும் ஒதுங்கும். எனக்கும் பிறந்ததிலிருந்து ஊறிய விஷயம் என்பதால் தப்பாகவே படவில்லை. வெள்ளைக்கார ஊர் எக்ஸ்பிரஸ்களையெல்லாம் லூப் லைனில் கிடத்திவிட்டு, கூட்ஸ் வண்டிகளை ராஜமரியாதையோடு அனுப்பிக்கொண்டிருந்தோம். ஒருநாள் இதைப் பார்த்துவிட்டு சந்திரன் சார் தலையில் கைவைத்துக்கொண்டார்.

“ஏனுங்க மிஸ், எக்ஸ்பிரஸ்ஸ நிறுத்திப்போட்டு கூட்ஸ உடறீங்களே, மார்க்கு எங்கிருந்துங்க வரும்?”

“லோடு இருக்குதுங்களே சார்.”

“இது சமதரைங்க! எங்க நிறுத்துனாலும் எடுத்துக்கும்!”

சமதரையாக இருக்கலாம் என்ற எண்ணமே எனக்கும் அண்ணனுக்கும் வரவில்லை பாருங்கள். அன்றிலிருந்து எக்ஸ்பிரஸ்ஸுக்கு வழிவிட்டேன், மதிப்பெண் கிடுகிடுவென்று ஏறியது. அண்ணனுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. கூட்ஸ் நிற்கும்போதெல்லாம் “பாவம், டிரைவர் சாப்ட்டானோ என்னமோ” என்பார்.

அடுத்து வந்தது பெரிய தொல்லை. பக்கத்துப் பக்கத்து ஸ்டேஷன் இரண்டிலும் எல்லா லைனிலும் வண்டி நிரம்பிவிட்டால் தீர்ந்தது கதை. இந்த வண்டி அங்கே போக இடமில்லை, அந்த வண்டி இங்கே வர இடமில்லை. அந்த விளையாட்டில் பின்னால் எடுக்கிற வசதியும் கிடையாது. கடிகாரம் ஓடும், மதிப்பெண் கரையும், அணைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். பல நாள் முட்டி மோதிய பிறகுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. எந்த ஸ்டேஷனிலும் ஒரு லைனைக் காலியாகவே வைத்திருக்க வேண்டும். என்ன நெருக்கடி வந்தாலும் அதை அடைக்கக் கூடாது. அது காலியாக இருக்கிறவரை எப்படியாவது எல்லாம் நகர்ந்துவிடும். இதைக் கண்டுபிடித்த பிறகு ஒரே ஒரு நாளைத் தவிர நான் தோற்றதில்லை.

எங்கள் வீட்டில்தான் அப்படியொரு காலி லைன் இல்லை. அண்ணனுக்கு வாழவந்தி நாட்டில் தனம் என்ற பெண்ணைப் பேசிவைத்திருந்தார்கள். வெற்றிலை பாக்கு மாற்றவில்லையே தவிர, இரண்டு வீட்டிலும் அதுதான் முடிவு. அண்ணனுக்கும் உயிர். அந்த ஊர் வழியாகப் போகும்போது மட்டும் லாரி ஹாரன் நீளமாக அடிக்கும் என்று கிளீனர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஆனால் கல்யாண வயதில் தங்கையை வீட்டில் வைத்துக்கொண்டு அண்ணன் கட்டிக்கொள்ளக் கூடாது என்பது ஊர் வழக்கம். என் கல்யாணம் முடியாமல் அவர் கல்யாணம் இல்லை. எனக்கோ வேலை கிடைக்காமல் கல்யாணம் வேண்டாம். வந்த மாப்பிள்ளைகள் எல்லாரும் மலைக்காரர்கள், கட்டிக்கொண்டால் அந்த மூட்டத்துக்குள்ளேயே ஆயுள் முடிந்துவிடும் என்று பயந்தேன். வேலைக்கு அனுப்பலாமென்றால் அம்மா விடவில்லை.

“தாலி ஏறட்டும். அப்பறம் கட்டுனவன் உட்டா எங்க வேணாலும் போ” என்று முடித்துவிட்டார் அம்மா.

இதற்கு நடுவில் ரயில்வேயில் உதவி ஸ்டேஷன் மாஸ்டர் வேலைக்குத் தேர்வு வைத்தார்கள். சந்திரன் சார்தான் சொன்னார். அம்மாவிடம் கணினிக்குச் சாமான் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு, அண்ணன் லாரியிலேயே என்னைச் சேலம் கூட்டிப்போனார். எழுதினேன், தேறியும் விட்டேன். அடுத்து கவனத்தையும் வேகத்தையும் பார்க்கிற தேர்வுக்கு மாசிக் கடைசியில் மெட்ராஸுக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. அதே வாரம் தனத்தின் அப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். சண்டை போடவில்லை. காபியைக் குடித்துவிட்டு நிதானமாகச் சொன்னார்.

“தை வரைக்கும் பாப்பமுங்க. அதுக்கு மேல பொண்ண வெச்சிருக்க முடியாதுங்க.”

மறுநாள் அண்ணன் மையத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டதும் நான் ஆரம்பித்தேன்.

“நீ மொதல்ல கட்டிக்கண்ணா. நான் ஓரமா நின்னுக்கறேன், பின்னாடி போறேன்.”

“வயசுப் புள்ளய ஊட்டுல வெச்சுக்கிட்டு அண்ணங்காரன் மாலை மாத்திக்கிட்டான்னு சொல்லுவாங்க கண்ணு.”

“யாரு சொல்லுவா? பேரச் சொல்லு பாப்பம்.”

அண்ணன் உண்மையாகவே யோசித்துப் பார்த்தார். ஒரு பெயரும் வரவில்லை. “எல்லாருந்தான்” என்றார்.

“சரி, அப்ப வந்த மாப்பிள்ளையில ஒருத்தர நான் கட்டிக்கறேன். நீ தனத்தக் கட்டிக்க.”

கோபத்தில் சொன்னதுதான், ஆனால் அந்த நிமிஷம் மனசாரத்தான் சொன்னேன். அண்ணனின் முகம் கறுத்துவிட்டது.

“நா இத்தன வருசம் லோடடிச்சது, உன்னய இங்கயே ஒரு மூட்டையா இறக்கி வெக்கறதுக்கா?”

ஸ்டூலை ஓரம் தள்ளிவிட்டு லாரிச் சாவியை எடுத்தார். திரையில் எல்லாம் அடைத்துக்கொண்டு நின்றிருந்தது. அன்றைக்கு அதைக் கவனிக்க யாருக்கும் தெம்பில்லை.

தை வந்தது. தனத்துக்கு மலையில் வேறு பக்கம் மாப்பிள்ளை பார்த்து முடித்தார்கள். சீர்ச் சாமான் கொண்டுபோக வண்டி வேண்டுமே, அந்தப் பக்கம் ஓடுகிற லாரி அண்ணனுடையதுதான். கேட்க வந்தவர்கள் தயங்கித் தயங்கித்தான் கேட்டார்கள். மாட்டேன் என்றால் ஊர் அதற்கொரு கதை கட்டும், அது தனத்தின் தலையில் விடியும். அண்ணன் போனார். கட்டில், பீரோ, அண்டா குண்டா எல்லாவற்றையும் தன் கையாலேயே கயிறு போட்டுக் கட்டி, ஒரு கீறல் விழாமல் கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்தார். வழியில் திருப்பத்தில்கூட ஹாரன் அடிக்கவில்லை என்று கிளீனர் பிறகு என்னிடம் சொன்னார். அந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை.

அன்று சாயங்காலமும் அண்ணன் மையத்துக்கு வந்து வழக்கம்போல உட்கார்ந்தார். நான் விளையாட்டைத் திறக்கவில்லை. அவரே ஆரம்பித்தார்.

“மெட்ராஸ் போறதுக்குத் துணி எடுத்து வெய்யி கண்ணு.”

“அம்மா?”

“நாஞ் சொல்லிக்கறேன். இனி யாருக்காவ உன்னப் புடிச்சு வெச்சிருக்கறது?”

அம்மாவால் அண்ணன் முகத்தைப் பார்த்து மறுப்புச் சொல்ல முடியவில்லை. இவ்வளவு நாளாக மூச்சுமுட்ட நான் கேட்டுக்கொண்டிருந்த வழி அப்படித்தான் திறந்தது. சந்தோஷப்படவும் தெரியாமல் அழவும் தெரியாமல் பஸ்ஸில் மலை இறங்கினேன். பக்கத்து சீட்டில் அண்ணன் துணைக்கு உட்கார்ந்திருந்தார். வேறொருவர் ஓட்டுகிற வண்டியில் அவர் காலுக்குப் பிரேக் இல்லாமல் தவித்துக்கொண்டே வந்தார்.

தேறினேன், வேலையில் சேர்ந்தேன். கூட வேலை பார்த்தவரையே சில வருடம் கழித்துக் கட்டிக்கொண்டேன். அண்ணன் கட்டிக்கொள்ளவே இல்லை. அந்தப் பேச்சை யாராவது எடுத்தால், வேலை இருக்கிறதென்று எழுந்து போய்விடுவார். இப்போது லாரியை விற்றுவிட்டு மிளகுத் தோட்டத்தோடு இருக்கிறார்.

செம்மேட்டில் மையம் இருந்த மாடியை இடித்துத் தங்கும் விடுதி கட்டிவிட்டார்கள். சந்திரன் சார் வெளிநாட்டில் இருக்கிறாராம். அந்தக் குறுந்தகட்டை இப்போதைய எந்தக் கணினியும் ஏற்பதில்லை. நான் வேலைக்குச் சேர்ந்தபோது சிக்னல் போட இருந்த பொத்தான் பலகைகளும் போய், ஸ்டேஷன்களில் திரை வந்துவிட்டது. இவற்றுக்கெல்லாம் நான் பெரிதாக வருத்தப்பட்டதில்லை, போனால் போகிறது.

போன ஆவணியில் மலையில் பங்காளி வீட்டுக் கல்யாணம். அண்ணனோடு போயிருந்தேன். மாப்பிள்ளைக்குக் கல்யாண வயதில் ஒரு தங்கை. பெங்களூரில் வேலை பார்க்கிறாள், கல்யாணம் இப்போதைக்கு வேண்டாம் என்றுவிட்டாளாம். அண்ணன்காரன் தாலி கட்டுகிறான், அவள் முன்னால் நின்று கைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருக்கிறாள். “மறைக்குதுங்க, கொஞ்சம் தள்ளி நில்லுங்க” என்று ஊர்ப் பெரியவர்களை அதட்டுகிறாள். அவர்களும் சிரித்துக்கொண்டே தள்ளி நிற்கிறார்கள்.

பந்தியில் அண்ணனுக்கு என் பக்கத்து இலை. அவர் சோற்றில் கைவைக்காமல் வரிசை வரிசையாக ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரையோ தேடுகிறார் என்று நினைத்தேன். பிறகு என் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

“தங்கச்சி இருக்கறப்பவே இவன் கட்டிக்கிட்டானே, ஒருத்தருமே ஒண்ணுஞ் சொல்லலையே கண்ணு?”