தலையிடி மாமி

போன சனிக்கிழமை, இங்கே நோர்வேயில், ஹொல்ம்லியா என்ற புறநகரில் ஒரு பள்ளிக்கூடத்து ஜிம் மண்டபத்துக்குள் காரணமேயில்லாமல் நுழைந்தேன். உள்ளே பழைய பொருள் சந்தை. பிள்ளைகளின் வாத்தியக் குழுவுக்குக் காசு சேர்க்க நடத்துவார்கள். வாஃபிள் சுடும் மணம் தெருவில் போகிறவர்களையும் இழுத்துவிடும். வரிசையில் நின்றபோது பக்கத்து மேசையின் விளையாட்டுச் சாமான் பெட்டிக்குள் அவளைக் கண்டேன். விரல் நீளப் பிளாஸ்டிக் பெண், பச்சை அங்கி. ஒரு கை மணிக்கட்டோடு போயிருந்தது. மற்றக் கை நெற்றிப்பொட்டில் மடங்கி அழுத்திக்கொண்டிருந்தது. எடுத்தேன், வைத்தேன், புத்தக மேசைக்குப் போனேன், திரும்பி வந்தேன். வாஃபிள் வாங்கினேனா என்று இப்போதும் ஞாபகமில்லை.

அவளை வரைந்தவள் நான்.

படித்து முடித்த கையோடு ஆற்றோரத்தில் ஒரு சின்ன அனிமேஷன் நிறுவனத்தில் வேலை கிடைத்தது. கிரேக்கப் புராணத்தைக் குடும்பப் படமாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். பயிர்களின் தெய்வம் டிமீட்டர், அவளுடைய மகள் பெர்சபோனி. மகளைப் பாதாள ராசா தூக்கிக்கொண்டு போகிறான்; தாய் துக்கத்தில் பயிரையெல்லாம் வாடவிடுகிறாள். மகள் வருடத்தில் ஒரு பங்கு கீழேதான் இருக்கவேண்டும், அதுதான் குளிர்காலம். தூக்கிக்கொண்டு போவதைக் குழந்தைகளுக்குக் காட்ட முடியுமா? எங்கள் படத்தில் அவள் பாதாளத்துக்கு வகுப்புச் சுற்றுலா போனாள். சிரிக்காதீர்கள், அந்த யோசனைக்குக் கைதட்டியவர்களில் நானும் உண்டு. நாங்கள் குடியிருந்த ரொம்சோஸ் வீட்டில் அம்மாவுக்குக் கதையைச் சொன்னேன். கறிவேப்பிலை உருவிக்கொண்டே கேட்டுவிட்டு, "அரை வருசம் இருட்டுக்கை எண்டா, அந்தப் பிள்ளை நோர்வேக்குத்தானே வந்திருக்கு" என்றார்.

எனக்குத் தந்தது தாய் மகளை வழியனுப்பும் காட்சி. கட்டிப்பிடிக்க வைத்தேன், கையசைக்க வைத்தேன்; எதுவும் ஒட்டவில்லை. எனக்குத் தெரிந்த வழியனுப்பல் அம்மாவுடையது ஒன்றுதான். பரீட்சையோ பள்ளிச் சுற்றுலாவோ, வாசலில் வைத்து இரண்டு கையாலும் என் முகத்தை வழித்து, விரல்களைத் தன் நெற்றிப்பொட்டில் மடக்கி அழுத்துவார். படபடவென்று நெட்டி முறியும். நாவூறு கழிக்கிறாராம்; கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பது அவருடைய சட்டம். அதைக் கைப்பேசியில் எடுத்து, பார்த்து வரைவதென்று முடிவுசெய்தேன்.

ஆனால் ஒருமுறை முறிந்த நெட்டி உடனே மறுபடி முறியாது. எனக்கோ பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது.

"இன்னொருக்காச் செய்யுங்கோ அம்மா. சத்தம் வேண்டாம், அதைப் பிறகு போடலாம்."

"சத்தமில்லாமல் நாவூறு எப்பிடிப் பிள்ளை போகும்? கொஞ்சம் பொறு, விரல் ஆறட்டும்."

விரல் ஆறும் நேரத்துக்குள் அவர் போய் நல்ல சேலையாக மாற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

படத்தோடு விற்கிற பொம்மைகளின் வேலை படத்தைவிட முந்திக்கொள்ளும் என்பது பலருக்குத் தெரியாது. அச்சு எடுத்து, நிறம் பூசி, உள்ளே எது இருக்கிறதென்று தெரியாத பொதிகளில் அடைக்க மாதக்கணக்காகும். அதனால் நான் வரைந்த டிமீட்டர் படங்களில் ஒன்றைப் பொம்மை செய்பவர்களுக்கு முதலிலேயே அனுப்பிவிட்டார்கள். முகத்தை வழிப்பதெல்லாம் போய், கடைசி நிலை மட்டும்: இரண்டு கையும் நெற்றிப்பொட்டில். சரி என்று ஒப்புக்கொண்டதும் நான்தான்.

பிறகு இன்னும் முடியாத படத்தை ஒரு வகுப்புப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினோம். அடுத்த நாள் கூட்டத்தில் இயக்குநர், நல்ல மனிதர், என்னைப் பார்த்துக் கேட்டார்: "அவளுக்குத் தலையிடியா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். அது என்ன சைகை?"

மேசையைச் சுற்றி எட்டுப் பேர். எனக்குக் காது சுட்டது. இது என் அம்மா, பிள்ளைமேல் விழுந்த கண்ணை எங்கள் வீட்டில் இப்படித்தான் எடுப்பார்கள் என்று ஒரு வசனம் சொன்னால் போதும். வாயில் கொழுக்கட்டை. "தலையிடி மாதிரித்தான் இருக்கிறது, நானே மாற்றிவிடுகிறேன்" என்றேன். அன்று மாலைக்குள் படத்தில் டிமீட்டர் கையசைத்தாள்; பொம்மைகளோ ஏற்கனவே அச்சாகியிருந்தன.

அம்மாவிடம் சொல்ல இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன். அவரோ தன் கை படத்தில் வருகிறதென்று, தான் வேலைசெய்த முதியோர் இல்லச் சமையலறை முழுக்கச் சொல்லிவிட்டார். படம் வந்த அன்று குளிர்ச்சட்டைக்குள் அதே சேலையை உடுத்துக்கொண்டு, கூட வேலைசெய்யும் இரண்டு பேரையும் கூட்டிவந்தார். நான் இருக்கையில் நெளிந்துகொண்டேயிருந்தேன். வழியனுப்பும் காட்சி வந்தது, போனது.

"பிள்ளை, என்ரை கையெங்கை?"

"வெட்டிப்போட்டினம் அம்மா."

அம்மா என் முழங்காலைத் தட்டினார். "அவையளுக்கு விளங்கேல்லையாக்கும். நீ கவலைப்படாதை."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அன்றிலிருந்து அம்மா என்னை வழியனுப்பும்போது கையை மட்டும் அசைத்தார். ஏனென்று நான் கேட்கவில்லை.

பொம்மையை நான் வீட்டுக்குக் கொண்டுபோகவேயில்லை. பிள்ளைகள் அதற்கு நோர்வேஜிய மொழியில் ஒரு பெயர் வைத்தார்கள். தமிழில் தலையிடி மாமி என்று வரும். பொதியைப் பிரித்து அவள் வந்தால் அழுவார்களாம், மாற்றிக்கொள்ள ஆள் கிடைக்காதாம். நிறுவனமும் பிறகு மூடப்பட்டது. பென்சிலை விட்டு எனக்கும் வருடங்களாகின்றன.

சந்தையில் மேசைக்காரப் பெண், "ஒரு கைதான் இல்லையே, சும்மா கொண்டுபோ" என்றாள். ரயிலில் இரண்டு தரம் இருக்கை மாறினேன். ரொம்சோஸில் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் போய் அம்மாவின் கையில் வைத்தேன். அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"பாவம், தலையிடியே இவளுக்கு?"

"இல்லை அம்மா, நாவூறு கழிக்கிறா. அது நீங்கள். படத்திலை வெட்டினது அவையள் இல்லை, நான்தான். என்னெண்டு கேக்கேக்கை சொல்ல வெக்கப்பட்டுட்டன்."

அம்மா பொம்மையை மெதுவாக மேசையில் வைத்தார். "இப்பவாவது சொன்னாயெல்லோ" என்றார். பிறகு எழும்பி வந்து, இத்தனை வருடத்துக்குப் பிறகு, இரண்டு கையாலும் என் முகத்தை வழித்து, விரல்களை நெற்றிப்பொட்டில் மடக்கி அழுத்தினார். மூட்டுவாதம் பிடித்த விரல்கள். மறுபடியும் அழுத்தினார்.

"கொஞ்சம் பொறு பிள்ளை."

அசையாமல் நின்றேன். நெட்டி முறியவில்லை.