தம்பியிடம் மாட்டிக்கொண்ட மண்

மனைவி செய்கிற சிலைகள் எலக்ட்ரீஷியனுக்கு ஒன்றும் புரியாது. ஆனால் அவற்றுக்குள் இருக்கும் எலும்பு அவர் வளைத்ததுதான். கம்பியால் கூடு கட்டிக் கொடுப்பார். அதன் மேல் அவள் மண்ணை அப்புவாள். யார் வந்து உட்கார்ந்தாலும் கழுத்து நாலு விரல் நீளும், பாதம் பருத்துப் போகும். ஏன் இப்படி என்று கேட்டால், "மனுஷங்க எட்டிப் பாக்கறதும், அழுத்தி ஊனி நிக்கறதும்தான் என் கண்ணுல படுது. மத்தது படலைன்னா நான் என்ன பண்ண?" என்பாள். அதற்கு மேல் கேட்டால் சண்டைதான்.

மண் ஒரே மண். சிலை முடிந்ததும் பிளாஸ்டரில் வார்ப்பெடுத்துவிட்டு, மண்ணை உடைத்துத் தொட்டியில் ஊறப்போட்டு, மிதித்து, அடுத்த ஆளுக்கு எடுத்துக்கொள்வாள். தபால்காரர், மாடிவீட்டு டீச்சர், ஏன், எலக்ட்ரீஷியனே கூட அந்தத் தொட்டிக்குள் ஒருமுறை போனவர்தான்.

கடைசியாக உட்கார்ந்தவன் அவள் தம்பி, பஸ் டிரைவர். ஆளுயரச் சிலை என்பதால் தொட்டி மண் மொத்தமும் அவன் மேல் ஏறியிருந்தது. வாய் மட்டும் பாக்கி. அன்றைக்கென்று பார்த்து எழுந்து வந்தான்.

"இது நானா? ஒட்டகத்துக்குச் சட்டை போட்ட மாதிரி இருக்கு. ஊரே சிரிக்கணும்னு உக்கார வச்சியா?"

"ஸ்டியரிங்கைத் தவிர உனக்கு என்னடா தெரியும்?" என்று இவளும் ஒரு வார்த்தை விட்டுவிட்டாள். போனவன் போனவன்தான். வருஷக்கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லை.

அதன் பிறகு அவள் ஓவியம் மட்டுமே வரைந்தாள். "சிற்பத்தைத் தாண்டி ஓவியத்துக்கு வந்துவிட்டார்" என்று கண்காட்சிக்கு வந்தவர்கள் பக்கம் பக்கமாக எழுதினார்கள். தாண்டுவதாவது! மண் தம்பியிடம் மாட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். தினமும் காலையில் ஈரத்துணியை விலக்கி, தண்ணீர் தெளித்து, மறுபடி சுற்றி வைப்பாள்.

"புது மண் வாங்கித் தரேன், இதை உடைச்சிடேன்" என்று எலக்ட்ரீஷியன் சொல்லிப் பார்த்தார்.

"அவன் வந்து உக்காந்தா முடிச்சிடுவேன்."

"வரலைன்னா?"

அவள் துணியைப் பிழிந்தாள்.

ஒரு கண்காட்சிக்காக அவள் வெளியூர் போனபோது தண்ணீர் தெளிக்கிற பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. புதுக் கட்டடத்தில் வயரிங் வேலை. மனுஷன் சுத்தமாக மறந்துபோனார். ஞாபகம் வந்து ஓடிப்போய்த் துணியை விலக்கினால், மண் பாளம் பாளமாக வெடித்து, மைத்துனனின் பாதி முகம் தரையில் கிடந்தது. தண்ணீர் தொட்டு ஒட்டிப் பார்த்தார். மூக்கு கன்னத்துக்குப் போனது. கம்பி வளைக்கிற கைக்கு மூக்கு வருமா?

நேராக பஸ் டிப்போவுக்குப் போய் நின்றார். "மாப்ளே, நீதான் என்னைக் காப்பாத்தணும். உன் மூஞ்சி விழுந்துடுச்சு."

"என்ன மாமா உளர்றீங்க? அது இன்னுமா இருக்கு?"

"இருக்காவா? கைக்குழந்தை மாதிரி பாத்துக்கறாடா. அதுக்கப்புறம் வேற ஒரு சிலை பண்ணலை. பாவி, நான்தான் பாழாக்கிட்டேன். நாளைக்கு வந்துடுவா."

அவன் யூனிஃபார்ம் பித்தானைத் திருகிக்கொண்டே நின்றான். "அன்னைக்கே உடைச்சிருப்பான்னுல்ல நெனச்சேன்" என்றான். கண் கலங்கிவிட்டது.

மறுநாள் அவள் பையோடு உள்ளே வந்தபோது, முக்காலியில் தம்பி உட்கார்ந்திருந்தான். முன்மண்டை வழுக்கை, தொப்பை, தாடைக்குக் கீழே இன்னொரு தாடை. எலக்ட்ரீஷியன் கதவோரம் ஒண்டிக்கொண்டார். அவள் தரையில் கிடந்த முகத்தைப் பார்த்தாள். தம்பியை ஒருமுறை சுற்றி வந்தாள். சிலையில் மிச்சமிருந்த பாதி முகத்தை இரண்டு கையாலும் பெயர்த்துத் தொட்டியில் போட்டாள்.

"ஐயையோ, அக்கா! இத்தனை வருஷம் காப்பாத்தினதை ஏன் உடைக்கிறே?"

"நீதான் வந்துட்டியேடா" என்றாள். "அசையாம உக்காரு."